இடப்பக்கக் கீழ் மூலை

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் முடங்கிக் கிடந்த மாதங்களில் நான் விண்கலம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கணினி விளையாட்டில்தான். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று என் தங்கை கேட்டாள். தொலைக்காட்சித் தொடரில் மாமியார்கள் முறைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அவர் கற்றுக்கொடுத்த விதத்தில் ஒரு கோளாறு இருந்தது. அது கோளாறு என்று தெரியாமல் நானும் அப்படியே பழகினேன். அதே மனிதர்தான் தினமும் காலையில் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

வேன் எங்களுடைய சொந்த வேன். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தொடங்கி தஞ்சோங் பகார் வரை போய், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். அவர் ஓட்டுவார், நான் இடது பக்க முன் இருக்கையில் உட்காருவேன். வண்டி நின்றதும் இறங்கி, கதவைத் திறந்து, பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, மறுபடி என் இடத்தில் உட்கார்ந்து இடது பக்கம் ஒரு பார்வை பார்த்து, “லெஃப்ட் கிளியர்” என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார். அந்தச் சொல்லைச் சாமி பெயரைவிட அதிகம் சொல்லியிருப்பேன். தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று அவர் கேலி செய்வார்.

முழங்காலுக்குப் பிறகு என் இடத்துக்கு ஒரு சீன ஆண்ட்டியை வைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு அவர்களோடு பின்னாலேயே உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குக் ‘கிளியர்’ சொல்லும் பழக்கம் இல்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. வலி மாத்திரையும் ஐஸ் பையுமாகக் கிடந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

கணினி எங்கள் மகனுடையது. அவன் வேலைக்கு மெல்பர்ன் போனபோது விட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமைகளில் அங்கிருந்து அவனும் இங்கிருந்து அப்பாவுமாக ஒரே வானத்தில் கலம் ஓட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் வரை அவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். நான் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது.

சரக்கு ஏற்றி இறக்குவது எளிது. கடை கடையாகப் போய் வந்த எனக்கு அது ஒரு வேலையே இல்லை. போய்க் கண்டுபிடிக்கச் சொல்லும் மிஷன்கள்தான் உயிரை வாங்கின. எந்த நட்சத்திரம் என்று மட்டும் சொல்வார்கள். அங்கே போனால் கன்னங்கரேல் என்று வெளி. தேடி வந்தது எங்கே இருக்கிறது என்று ஒரு குறியும் இருக்காது. நான் பாட்டுக்குக் கிரகம் கிரகமாகச் சுற்றினேன். ஒரு வாரம் ஒன்றும் அகப்படவில்லை.

“பீக்கனை ஸ்கேன் பண்ணாம சுத்துனா வருஷம் பூரா சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான் லா,” என்றார் அவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டு.

“அத மொதல்லயே சொன்னா என்னவாம்?”

“நீ கேட்டியா?”

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பீக்கன் என்று ஒரு விளக்குக்கூண்டு மிதக்கும். முதலில் அதை நெருங்கி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதுதான் நம் மிஷனுக்கான நீலக் குறி எங்கோ தூரத்தில் முளைக்கும். பிறகு அதை நோக்கிப் பறக்க வேண்டும், ஆனால் வேகமாகப் போனால் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடுவோம். பாதியிலேயே வேகத்தைக் குறைத்து, பொறுமையாகப் போய் இறங்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். எத்தனை முறை தாண்டிப் போனேன் என்று கணக்கில்லை. போகப் போக அதுவும் கைக்கு வந்துவிட்டது.

இறங்கிய பிறகுதான் நிஜமான தேடல். உடைந்த கப்பல்களின் சிதறல்களுக்கு நடுவே உயிர்காப்புக் கூண்டு ஒன்று மிதந்துகொண்டிருக்கும். உள்ளே ஓர் ஆள் இருப்பதாகக் கணக்கு. அந்த ஆளுக்குக் காற்று தீர்ந்துகொண்டே வரும். மினுக் மினுக்கென்று ஒரு சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான் அடையாளம். மீதியெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாம்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம் வரும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன், அவர் குறைக்க மாட்டார்.

இந்த இடத்துக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். “உருட்டு,” என்பார். “கலத்த மெதுவா உருட்டு. வெளக்கு தானா வலது பக்கம் மேல வரும். வந்ததும் பிடிச்சிக்க.” கலம் சுழலும், வானமும் சிதறலும் சேர்ந்து சுழலும், எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னதுபோலவே கடைசியில் வலது மேல் மூலையில் விளக்கு வந்து நிற்கும். கலத்தின் பலகையில் இடது ஓரமாக ஒரு சிறிய வட்டமும் உண்டு. அதற்குள் ஒரு புள்ளி, தேடும் பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். “அத விடு, கண்ணாடி வழியா பாரு,” என்று சொல்லிவிட்டார்.

ஒருமுறை அவர் ஓட்டும்போது, “அதோ, இடது பக்கம் கீழ இருக்கே,” என்றேன். “பொறு, பொறு,” என்று சொல்லிவிட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி, வலது பக்கம் வந்த பிறகுதான் பிடித்தார். பெரிய கெட்டிக்காரத்தனம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வேறு சில நாள்களில் சுற்றிச் சுற்றியும் கிடைக்காமல், காற்று தீர்ந்து, மிஷன் தோற்றுப்போனதாக எழுத்து வரும். அவருக்கு முகம் சுண்டிப்போகும். “இங்கதான இருந்திருக்கணும், இவ்ளோ தேடினோமே,” என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அவரைக் கிண்டல் செய்வதற்குப் புதுப்புதுக் காரணங்கள் கிடைத்த காலம் அது. மேசையில் இடது பக்கம் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார், அதுவும் இரண்டு முறை. புளோக்கின் கீழே திறந்த தளமான வாய்ட் டெக்கில் நடக்கும்போது பக்கத்து வீட்டம்மாவின் தள்ளுவண்டியில் போய் இடித்துக்கொண்டார். வேனின் இடது பக்கத்தில் கீறல்கள் வந்தன. கார்பார்க் தூணில் உரசியது என்றார். “வயசாச்சு, ஒத்துக்கங்க,” என்றேன். ஓட்டுநர்களுக்கான மருத்துவச் சோதனைக்குப் போய் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக்காட்டிவிட்டு வந்து, “யாருக்கு வயசாச்சு?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இருவரும் சிரித்தோம். அந்தப் பலகையை நேருக்கு நேர் தொங்கவிட்டுத்தானே படிக்கச் சொல்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வேனைக் கழுவக் கீழே போயிருந்தார். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாகக் கலத்தில் இருந்தேன், மகன் அவனுடைய கலத்தில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். பீக்கனை ஸ்கேன் செய்தேன், நீலக் குறியைப் பிடித்தேன், தாண்டாமல் இறங்கினேன். அவன், “வாவ் மா, நல்லா ஓட்டுறீங்களே!” என்றான். பெருமையாக இருந்தது. சிதறலுக்கு நடுவே கலத்தை உருட்டத் தொடங்கினேன்.

“மா, என்ன பண்றீங்க?”

“தேடறேன்டா.”

“ஏன் இப்படி உருட்டுறீங்க? அதான் லெஃப்ட்ல, கீழ, பெருசா தெரியுதே. சும்மா லெஃப்ட் திருப்புங்க.”

“எனக்கும்தான் தெரியுது. ஆனா அப்பா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. உருட்டி வலது பக்கம் கொண்டாரணுமாம்.”

“நான் அப்பாவுக்கு அப்படிச் சொல்லித் தரலியே. யாருமே அப்படித் தேட மாட்டாங்க.”

“அவரு எப்பவும் அப்படித்தான். இடது பக்கம் இருக்குன்னு நான் காட்டினாலும் கேக்க மாட்டாரு.”

காற்றுக்குத் தவிக்கும் அந்த மூச்சுச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனூடே அவன் குரல் தாழ்ந்து வந்தது.

“மா. அப்பாவுக்கு அந்தப் பக்கம் தெரியுதா?”

தேநீர்க் கோப்பை, தள்ளுவண்டி, வேனின் கீறல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பிள்ளைகள் ஏறும் கதவு இடது பக்கம். அவர்கள் நிற்கும் நடைபாதை இடது பக்கம். நான் ‘கிளியர்’ சொல்வதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

“திங்கக்கிழம ஓட்டுவாருல்ல?” என்றான் மகன்.

“ஓட்டுவாரு.”

அன்று மாலை அவரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். கண் டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். சிரித்தார். “நீ கேம்ல ஜெயிக்க ஆரம்பிச்சதும் எனக்குக் கண்ணு போச்சா?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் நினைத்ததுதான் தப்போ என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இரவு தூங்கினேன். மனசு அப்படித்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபேரர் பார்க்கில் சாப்பிடலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். என் முழங்காலோடு ரயிலில் போக முடியாது, அதனால் வேனை எடுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு என்னுடைய இடது இருக்கையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் சாலையைப் பார்க்காமல் அவர் கண்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். நேரே பார்க்கும், வலது கண்ணாடிக்குப் போகும், நேரே வரும். இடது பக்கம் வரவே இல்லை. அந்தப் பக்கத்தைத்தான் இத்தனை காலமும் என்னிடம் விட்டிருந்தாரே.

ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க்கை ஒட்டிய தேக்கா பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுப்பில் வந்த தொழிலாளர்கள் நடைபாதை கொள்ளாமல் சாலையிலேயே நடப்பார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் மெதுவாகத்தான் ஊர்ந்துகொண்டிருந்தோம். தூரத்திலேயே ஓர் ஆளைப் பார்த்துவிட்டேன். நீலச் சட்டை, ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இடது பக்கத்திலிருந்து இறங்கினார். வழக்கம்போல ‘ஆள்’ என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே நிறுத்திக்கொண்டேன். இவருக்கே தெரியட்டும் என்று பார்த்தேன். வேனின் வேகம் குறையவில்லை. நீலச் சட்டைக்காரர் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. வேகம் குறையவே இல்லை.

“நிறுத்துங்க!” என்று அலறினேன்.

பிரேக் போட்டதில் நான் முன்னால் போய் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டேன். அந்த ஆள் வேனின் மூக்கில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். பையிலிருந்து நாலைந்து வெங்காயங்கள் உருண்டு ஓடின. குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

“எங்கேருந்துதான் குதிச்சானோ,” என்றார் என் கணவர்.

அந்த ஆள் எங்கிருந்தும் குதிக்கவில்லை. சாப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பச் சொன்னேன். வரும் வழி முழுக்க, சந்து, பஸ், சைக்கிள், ஆள், எதையும் விடாமல் இடது பக்கத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒருமுறைகூட எரிந்துவிழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

எங்கள் புளோக்கின் திறந்தவெளிக் கார்பார்க்கில் வண்டியை நிறுத்தினார். சாவியைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். சக்கரம் வைத்த என் நடைவண்டியைப் பின்னாலிருந்து எடுத்து இறக்கிக்கொண்டேன். அதில் உட்கார ஒரு இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்தால் என் தலை முதலாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்கு வரும்.

“அந்த எதிர்ச் செவுத்துல பார்க்கிங் லாட் நம்பர் எழுதியிருக்குல்ல, அதையே பாருங்க. ரோட்டப் பாக்குற மாதிரி. கண்ண எடுக்காதீங்க. என்னைத் தெரிஞ்சதும் சொல்லுங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“சொன்னதச் செய்யுங்க.”

முதலில் வேனுக்கு முன்னால் வலது பக்கம் போய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். “தெரியுது லா, அங்க உக்காந்து என்ன பண்றே,” என்று உடனே சத்தம் வந்தது. எழுந்து, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, வேனுக்குப் பின்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் வந்தேன். வலது பக்கம் எவ்வளவு தூரத்தில் இருந்தேனோ இங்கும் அதே தூரம். வண்டி நிறுத்தத்துக்கு வரும்போது பிள்ளைகள் பையோடு நிற்கும் இடம் அது. உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

கையை ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். துப்பட்டாவைக் கழற்றி வீசிக் காட்டினேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுக் கையாட்டினாள்.

“வந்துட்டியா இல்லியா? எவ்ளோ நேரம்?” என்றார் அவர்.

துப்பட்டாவை இன்னொரு முறை வீசினேன். பதில் வராததால் அவர் தலையைத் திருப்பினார். நான் துப்பட்டாவைக் கையில் பிடித்தபடி அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இதையே நாலைந்து முறை செய்தார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

இறங்கி வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் கோளாறு இல்லை, மூளையின் பின்பக்கத்தில் ஒரு சிறு ரத்தக்குழாய் எப்போதோ சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டுவிட்டது, இடது பக்கக் கீழ்ப் பார்வை அதோடு போய்விட்டது, இல்லாததை இல்லை என்று மூளை சொல்லாது என்றெல்லாம் பிறகு மருத்துவர் விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. “இருட்டாக்கூட இல்ல. ஒண்ணுமே இல்ல. நீ அங்க இல்லவே இல்ல,” என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாலையில் பெற்றோர் எல்லாருக்கும் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி ரிப்பேர் என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன், ஒவ்வொருவரிடமும் நானே பேசுகிறேன் என்றார். திங்கட்கிழமை முதலில் ஏறும் பிள்ளை தஞ்சோங் பகாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சிறுமி. அவளுடைய அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“நாளைலேருந்து நான் வரலம்மா. வேற ஆளு ஏற்பாடு பண்ணித் தரேன். எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. இன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு.”

“யா அல்லா. ஒடம்புக்கு என்னாச்சு அங்கிள்? ஹாஸ்பிட்டல் போனீங்களா?”

“நாளைக்குப் போறேன்மா.”

“எத்தன நாளா அங்கிள் இப்படி?”

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன.

“தெரியலம்மா,” என்றார்.

அந்தப் பெண்ணின் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சிறுமி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அம்மா கேட்டாள். குரலில் கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல்தான்.

“பாப்பா தெனமும் அந்தப் பக்கந்தானே அங்கிள் நிப்பா?”